டாக்டர்களுக்கு எண்ணெய் ஊற்றக் கற்றுக்கொடுத்த கதை

சென்ற மாதம் அபிநயா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலி செய்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு நடுத்தர மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே உணவியல் நிபுணராக என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன்.

"கோமளா மேடம், நம்ம கொழுப்பு வகுப்பை ஆன்லைனுக்கு மாத்திட்டாங்க. டாக்டர்ஸ், நர்ஸஸ் எல்லாம் வீட்ல இருந்தே பாக்கலாம். கடைசியில கொஞ்சம் கேள்வி வரும். பதில் சொன்னா சர்டிபிகேட்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா நேத்து ஒரு டாக்டர் எல்லா கேள்விக்கும் சரியா பதில் போட்டுட்டு, எனக்கு போன் பண்ணி, ஆலிவ் ஆயில் நல்லதுன்னு சொன்னீங்களே, அதை நிறைய ஊத்தினா ரொம்ப நல்லதான்னு கேக்கறார். நீங்க அடுப்பை மூட்டியே வகுப்பெடுப்பீங்களாமே. எப்படி எடுத்தீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க மேடம்."

கொஞ்சம் எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் நானே சிரித்துவிட்டு, என் கணவர் என்ன என்ன என்று கேட்டு, அவருக்கு வேறு சொல்லி, இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் படித்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மனையியல் படித்தேன். பிறகு நகரத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி. அம்பத்தூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போய், அங்கே உப்பில்லாத கஞ்சியை நாளெல்லாம் ருசி பார்த்துவிட்டு, நின்றுகொண்டே திரும்புவேன். அதற்குப் பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் தலைமை மருத்துவர் டாக்டர் மங்கையர்க்கரசி.

ஆள் குள்ளம். குரல் ஆளைவிடச் சின்னது. அவர் வார்டில் நடந்தால் பின்னால் வரும் டாக்டர்களும் நர்சுகளும் அவர் சொல்வது கேட்கவேண்டுமே என்று குனிந்தபடியே நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டமாக எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி இருக்கும். யார் எது சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து, "சரி, இதுல நான் என்ன கத்துக்கணும்?" என்பார். அதைக் கிண்டலாகக் கேட்கிறாரா நிஜமாகக் கேட்கிறாரா என்று தெரியாமல் புதிதாக வந்தவர்களுக்கு வேர்த்துவிடும். நிஜமாகத்தான் கேட்பார். அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

நேர்காணலில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ஒரு தோசைக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகும்?"

"யார் சுடறாங்கன்னு சொன்னா சொல்றேன் மேடம்."

பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடி அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார்.

வகுப்பு தொடங்கியது ஒரு நோயாளி வீட்டுக்குக் கிளம்பிய நேரத்தில். மாரடைப்பு வந்து பிழைத்தவர். டூட்டி டாக்டர் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "எண்ணெயைக் குறைச்சுக்கணும்" என்றார். "எப்படி சார் குறைக்கிறது?" என்று நோயாளியின் மனைவி கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "கம்மியா ஊத்துங்கம்மா" என்றார். இதைப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி மேடம் அன்று மதியமே என்னைக் கூப்பிட்டார்.

"நாம எல்லாரும் தினம் அதே வார்த்தையைச் சொல்றோம். எப்படின்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபி எல்லாருக்கும் கொழுப்புன்னா என்ன, சமையல்ல அதை என்ன பண்றதுன்னு சொல்லிக் குடுங்க. முதல் வரிசையில நான் உக்காந்துக்கறேன்."

முதல் வகுப்பு மூன்றாம் மாடிக் கூட்ட அறையில். அப்போதுதான் பெயின்ட் அடித்து, புது நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கேஸ் அடுப்புகளையும் வாணலிகளையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தபோது பராமரிப்புக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஆளுக்கொரு வாணலியும் எண்ணெய் பாட்டிலும் கொடுத்தேன். "வீட்ல தாளிக்கிறதுக்கு ஊத்துற மாதிரி ஒரு ஸ்பூன் ஊத்துங்க" என்றேன். ஸ்பூன் மட்டும் கொடுக்கவில்லை. ஊற்றியதை அளவுக்குப்பியில் திருப்பி ஊற்றி ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒருவரது ஒரு ஸ்பூன் மற்றவரது ஒரு ஸ்பூனாக இல்லை. எலும்பு டாக்டர் ஊற்றிய எண்ணெயில் ஒரு கல்யாணப் பந்திக்கு அப்பளம் பொரித்திருக்கலாம். தலைமை மருத்துவர் ஊற்றியதும் மூன்று ஸ்பூனைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மயக்க மருந்து டாக்டர் பிரசன்னா மட்டும் எதுவும் ஊற்றவில்லை. அடுப்புத் திருகைத் திருப்பிவிட்டு நெருப்பு வருமென்று காத்துக்கொண்டிருந்தார். லைட்டரைக் கையில் கொடுத்தேன். அதை ஒரு புதுக் கருவியைப்போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஐயப்பன்தாங்கலில் தனியாக ஃபிளாட்டில் இருந்தார். மூன்று வேளையும் சாப்பாடு பைக்கில் வந்து கதவைத் தட்டும். அவர் வீட்டு அடுப்பில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் அப்படியே இருக்கிறது என்று நர்சுகள் சொன்னார்கள்.

அடுத்தது பஜ்ஜி. எண்ணெயோடு வாணலியைத் தராசில் வைத்து எடை எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணெய் சரியாகக் காய்வதற்கு முன்னாலேயே ஒரு ஈடு வாழைக்காய் பஜ்ஜி. பிறகு திரும்ப எடை. குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் பஜ்ஜிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு வாணலியில், ஒரு சொட்டு மாவைப் போட்டால் அடியில் போய் உடனே மேலே எழும்பி வருகிற சூட்டில், அதே அளவு பஜ்ஜி. அதற்கும் எடை. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து எலும்பு டாக்டர் தராசு பழுது என்று சொல்லி, தன் பேனாவையும் கைக்கடிகாரத்தையும் வைத்துச் சரிபார்த்தார்.

அப்போது யாரோ கேட்டார்கள்: "அப்போ எண்ணெயை நல்லா, ரொம்பக் காய்ச்சிட்டா இன்னும் கம்மியா குடிக்குமா?"

நல்ல கேள்வி. புகை கிளம்பிவிட்டால் எண்ணெய் கெட ஆரம்பித்துவிட்டது, அந்த எண்ணெய் உடம்புக்கு ஆகாது என்று வாயால் சொல்லியிருக்கலாம். காட்டினால் மனதில் நிற்கும் என்று தீயைக் கூட்டினேன். முதலில் மெல்லிய நூலாகப் புகை வந்தது. "இதோ, இங்கேயே நிறுத்தணும்" என்று நான் கையை நீட்டிய நொடியில் கூரையிலிருந்த புதுத் தீ அபாய மணி அலறியது.

கட்டடம் முழுவதும் ஒரே மணியோசை. புறநோயாளிகள் டோக்கனைக் கையில் பிடித்தபடி வெளியே நடந்தார்கள். ஒரு பெரியவர் குளுக்கோஸ் பாட்டில் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வாகன நிறுத்தத்தில் போய் நின்றார். வாசல் டீக்கடைக்காரர் மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்து, "இன்னாது, பஜ்ஜி வாசன வருதேன்னு வந்தேன்" என்றார். நான் வாணலியை மூடிவிட்டு, வேலை போய்விட்டது என்று நின்றேன். புகைக்கு நடுவில் தலைமை மருத்துவர் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். நாற்காலியைவிட்டு எழவேயில்லை.

"சரி, இதுல நான் என்ன கத்துக்கணும்?"

"புகை வர்ற வரைக்கும் காய்ச்சக்கூடாது மேடம்."

"கத்துக்கிட்டேன்" என்றார். குரல் மணியோசையில் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

மறுவாரத்திலிருந்து வகுப்பு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு மாறியது. அந்தக் கொட்டகைதான் என் பள்ளிக்கூடம். வெயிலில் தகரம் கொதிக்கும், மழையில் பேச்சே கேட்காது, ஆனால் மேலே மணி கிடையாது.

அங்கே என்னவெல்லாம் செய்தோம். கண்ணாடி டம்ளர்களில் கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய், வனஸ்பதி என்று ஊற்றி முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். வகுப்பில் ஒவ்வொன்றாகக் கவிழ்க்கச் சொல்வேன். கவிழ்த்தும் விழாமல் கட்டியாக நிற்கிற கொழுப்பில் கை அடங்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றாமல் பாதி வெங்காயத்தில் தொட்டுத் தேய்ப்பது. வடை மாவைப் பணியாரக் குழியில் சொட்டு எண்ணெயோடு வேகவைப்பது. குருமாவுக்குத் தேங்காயைப் பாதியாக்கிப் பொட்டுக்கடலையைச் சேர்ப்பது. வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடுவது. எது நல்ல எண்ணெய் என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி என்று மாற்றி மாற்றி வாங்குங்கள், ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள், வனஸ்பதிப் பக்கம் போகாதீர்கள் என்பேன். சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு எலும்பு டாக்டரைச் செய்யவைக்க இரண்டு வருடம் ஆகும்.

இனி ரேவதி கதை. என் வேலைக்காலத்தில் என்னை நிஜமாகவே நடுங்கவைத்தது அதுதான்.

ரேவதி அறுவைசிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வீடு பட்டாபிராமில். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்; சிரித்தால் நிறுத்தத் தெரியாது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அப்போதுதான் கர்ப்பம். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் பணியாரக் கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தவள், திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் எல்லோரும் வாயு என்றுதான் நினைத்தோம். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளிடம் ஓடினேன்.

ரத்தம் எடுத்தார்கள். சிறிது நேரம் கழித்து தலைமை மருத்துவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜையில் சோதனைக் குழாய் நின்றது. கீழே சிவப்பு, மேலே மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று, பாலாடை மாதிரி.

"ட்ரைகிளிசரைடு ஆயிரத்தையெல்லாம் தாண்டிப் போயிடுச்சு" என்றார். ட்ரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் மிதக்கிற கொழுப்பு. கர்ப்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏறும். வெகு சிலருக்குப் பிறவியிலேயே அதைக் கரைக்கும் சக்தி குறைவாக இருக்கும்; கர்ப்பம் வந்ததும் அணை உடைந்தமாதிரி ஏறிவிடும். ஏறினால் கணையம் வீங்கும். "இந்தத் தடவை லேசான வீக்கம்தான், பட்டினி போட்டு, டிரிப்ஸ் குடுத்து அடக்கிடலாம். இன்னொரு தடவை பெருசா வந்தா அம்மா, குழந்தை ரெண்டு பேரையும் காப்பாத்த முடியுமான்னு தெரியாது. கர்ப்பத்துல குடுக்கற மாதிரி மருந்தும் அதிகம் இல்ல. பிரசவம் வரைக்கும் இவளைக் கொண்டுபோறது பெரும்பாலும் சாப்பாடுதான். உங்க கையில."

என் கையைப் பார்த்தேன். விரலில் பணியார மாவு இன்னும் ஒட்டியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், கொழுப்பை அடியோடு நிறுத்தவும் முடியாது. குழந்தையின் மூளை வளர வேண்டும். அதற்கென்று மிகக் கொஞ்சமாவது தேவை. அம்மாவுக்குச் சக்தியும் வேண்டும். மருந்துக்கடையில் ஒரு தனி வகை எண்ணெய் கிடைக்கும். அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும், ரத்தத்தில் பாலாக மிதக்காது. ஆனால் சூடு தாங்காது. கொதிக்கிற வாணலியில் ஊற்றினால் சட்டென்று புகைந்துவிடும். இறக்கிவைத்தபிறகு மேலே சொட்டவேண்டும். இதை விளக்கியபோது கோட்டயத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் லிஸ்ஸி கேட்டாள்.

"அப்போ தேங்காய் எண்ணெய் போதுமே மேடம். அதுவும் இதுவும் ஒண்ணுன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க."

"சொந்தக்காரங்கதான் லிஸ்ஸி, ஒரே ஆள் இல்ல. தேங்காய் எண்ணெயில இந்த வகை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ரத்தத்துல மிதக்கற ஆளுங்க."

"சரி மேடம். எங்க அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லமாட்டேன்."

ரேவதியை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையிலேயே ஒரு அறையில் வைத்துக்கொண்டோம். அவள் அம்மா வசந்தா கூட இருந்தார். ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மகளுக்காக நீண்ட லீவு போட்டிருந்தார். முதல் நாளே என்னைக் கதவோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம் சொல்றீங்கோ. புள்ளத்தாச்சிப் பொண்ணு அவ. நெய்யி வோணாம், தேங்கா வோணாம், தாளிப்பு வோணாம்னா, அப்பால இன்னாத்த துன்னும் அது?"

"கொஞ்ச நாளைக்குத்தான் வசந்தாம்மா."

"எத்தினி வருசம் காத்துகினு இருந்து வந்த புள்ள. அதப் பட்டினி போட சொல்றீங்கோ. நான் மாட்டேன்."

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. ஆய்வகத்துக்குப் போய் அன்றைய குழாயை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்னாது, மோரா?"

"உங்க பொண்ணு ரத்தம்."

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி. இன்னா வோணும், இன்னா வோணாம், ஒண்ணொண்ணா சொல்லுங்கோ. நான் கத்துக்குறேன்" என்றார்.

அன்று மாலை கொட்டகைக்கு என் பழைய மாணவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. எங்களோடு சேர்ந்து அடுப்பூதிய பெண்ணுக்கு நாங்கள்தான் சமைப்போம் என்று நின்றார்கள். முறை போட்டுக்கொண்டோம். வெறும் வாணலியைச் சூடாக்கினால் எண்ணெய் இல்லாமலே கடுகு வெடிக்கும் என்பதை அன்றுதான் பலபேர் கண்டார்கள். முதல் கடுகு வெடித்தபோது கைதட்டினார்கள். சாமைச் சோறு, பாசிப்பருப்புச் சாம்பார், தேங்காய் போடாத சுரைக்காய்க் கூட்டு, ஆடை நீக்கிய பாலில் உறையூற்றிய தயிர், வெள்ளைக்கருவில் வெங்காயம் போட்ட ஆம்லெட், புதினாவும் பூண்டும் தடவி வாழையிலையில் சுற்றிச் சுட்ட கொடுவா மீன். எலும்பு டாக்டர் இடியாப்பம் பிழிவதில் பெரிய ஆளாகிவிட்டார். மூட்டு மாற்றுகிற கை. எந்த அச்சும் அவரிடம் மக்கர் செய்யவில்லை.

பிரசன்னாவுக்கு ஆம்லெட் முறை வந்தது. முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் பிரிக்க ஊசியும் சிரிஞ்சும் எடுத்துவந்தார். நான் அவரைத் தடுக்கவில்லை. மஞ்சள் கரு கொஞ்சமும் கலங்காமல் வெள்ளை முழுவதையும் உறிஞ்சி எடுத்தார். "ஆபரேஷன் சக்சஸ்" என்று லிஸ்ஸி அறிவித்தாள். ரேவதி அதைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு போட மறந்துட்டீங்க சார்" என்று சொல்லியனுப்பினாள். அவர் ஓடிப்போய் உப்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ரத்தத்தின் பால் நிறம் மெல்ல மெல்லக் கலைந்தது. நாங்கள் குதித்தோம். பிறகு ஒரு காலையில் ட்ரைகிளிசரைடு அளவு திரும்ப விறுவிறுவென்று ஏறியிருந்தது. லேசாக வயிறு வலிக்கிறது என்றாள் ரேவதி.

எல்லோருக்கும் சந்தேகம் வசந்தா மேல். பையில் நெய் டப்பா இருக்குமென்று ஒரு நர்ஸ் என் காதில் சொன்னாள். அது வசந்தாவின் காதிலும் விழுந்துவிட்டது.

"எம்பொண்ணு ரத்தத்த நான் பாத்தேன். அத்தப் பாத்துட்டு நெய்யி ஊத்துவனா? பைய அவுத்துப் பாத்துக்கோங்கோ" என்று பையைக் கவிழ்த்தார். இரண்டு புடவை, ஒரு சீப்பு, ஒரு டார்ச் லைட். எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் ரேவதி பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்காமல், "நேத்து உன்னைப் பாக்க யார் யார் வந்தாங்க?" என்று கேட்டேன்.

"நிறைய பேரு மேடம். பார்மசி அக்கா ஆப்பிள் ஜூஸ் கொண்டாந்தாங்க. ஆம்புலன்ஸ் அண்ணன் சர்பத். எக்ஸ்ரே சார் பேரீச்சம்பழம். குளுக்கோஸ் பிஸ்கட் யாரோ குடுத்தாங்க. எல்லாரும் சொல்லித்தான் குடுத்தாங்க, இதுல எண்ணெய் இல்லம்மா, தைரியமா சாப்பிடுன்னு."

சர்க்கரை அதிகமானால் உடம்பு அதையும் இதே கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விட்டுவிடும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்கிற நேரத்தில்தான் பஜ்ஜித் தட்டு சுற்றிவரும்.

தலைமை மருத்துவர் எல்லோரையும் கொட்டகைக்கு வரச்சொன்னார். வேலை நேரத்தில் அவ்வளவு பேர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. அவர் குரல் கேட்கவேண்டுமென்று மொத்தக் கூட்டமும் குனிந்தது.

"ரேவதிக்கு ஜூஸோ, பழமோ, இனிப்போ குடுத்தவங்க கை தூக்குங்க. திட்டமாட்டேன். எனக்குக் கணக்குத் தெரியணும்."

முதலில் ஆம்புலன்ஸ் டிரைவர் கை எழுந்தது. பார்மசி, எக்ஸ்ரே, வரவேற்பு, லிஸ்ஸி. எலும்பு டாக்டர் காதைச் சொறிவதுபோலக் கையைத் தூக்கினார். பிரசன்னாவின் கை எழுந்ததைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. கைகள் ஒரு தோப்பு மாதிரி நின்றன. கடைசியில் தலைமை மருத்துவர் தன் சின்னக் கையை மெல்லத் தூக்கினார்.

"மாதுளை ஜூஸ்" என்றார். "ஒரு டம்ளர். பாவமா இருந்தது."

எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. பயத்தில் இறுகிப்போயிருந்த அவ்வளவு பேரும் சேர்ந்து சிரித்த சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. வசந்தாதான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தவர். "நான் ஒருத்திதான்பா இந்த ஆஸ்பத்திரில சுத்தம்" என்றார். அன்று முதல் ரேவதி அறைக் கதவில் ஒரு தாள் தொங்கியது: வெறுங்கையுடன் வரவும். வசந்தா கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் பையைத் தடவிப் பார்த்தே உள்ளே விட்டார். தலைமை மருத்துவரின் வெள்ளைக் கோட்டுப் பையையும் விடவில்லை. அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்று காட்டினார்.

அளவு திரும்ப இறங்கியது. ஒருமுறை நின்று பயங்காட்டியது, பிறகு இறங்கியது. ஒவ்வொரு வாரமும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். வெள்ளை தேய்ந்து மங்கலாகி, ஒரு நாள் குழாய்க்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் தலைப்பு எழுத்து தெரிந்தது. பிரசன்னா அதை உரக்கப் படித்தார். ஏதோ மழைச் செய்தி.

எட்டாம் மாதம் வளைகாப்பைக் கொட்டகையிலேயே வைத்தோம். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தக்காளிச்சாதம், புதினாச்சாதம், தயிர்ச்சாதம். எல்லாம் சாமையிலும் தினையிலும், வெறும் வாணலியில் வெடித்த கடுகோடு. அவளுக்கு மட்டும் தனியாகச் செய்தால் மனசு கஷ்டப்படும் என்று எல்லோரும் அதையேதான் சாப்பிட்டோம். புளிச்சாதம் வறண்டுதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ரேவதிக்குக் கை நிறையக் கண்ணாடி வளையல். சிரிக்கும்போதெல்லாம் அவள் கை ஆடி, வளையல் ஓசை ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

மாதம் நிறைந்து வலி எடுத்தது. குழந்தை குறுக்கே திரும்பியிருந்ததால் அறுவைசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. மயக்க மருந்து கொடுக்க உள்ளே போனவர் பிரசன்னா. நாங்கள் வெளியே நின்றோம். வசந்தா என் கையைப் பிடித்திருந்தார்; வலித்தது, சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த பிரசன்னா ஆணா பெண்ணா என்று சொல்ல மறந்துவிட்டார். "அழுதுச்சு, நல்லா அழுதுச்சு" என்று அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண் குழந்தை என்று பின்னால் வந்த நர்ஸ்தான் சொன்னாள்.

பிரசவத்துக்குப் பிறகு ரேவதியின் ரத்தம் தானாகவே தெளிய ஆரம்பித்தது. இனி வாழ்நாள் முழுவதும் கவனமாக இருக்கவேண்டும், ஆனால் ஆபத்து கடந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து நான் அறைக்குப் போனபோது வசந்தா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கொயந்தைக்கு உங்க பேரு வெக்கலாம்னு சொன்னேன்."

"எதுக்கு வசந்தாம்மா அதெல்லாம்" என்றேன்.

"ஆமா, வெக்கல. எம்மருமவன் வோணாம்னுட்டான். கோமளான்னு கூப்ட்டா, ஊட்ல எல்லாருக்கும் வாய்ல பத்தியச் சோறு ஞாபகம் வருமாம்."

ரேவதி கட்டிலில் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, பேசாத, தையல் இழுக்குது, அய்யோ பேசாதயேன்" என்று கெஞ்சினாள். வசந்தா நிறுத்தவில்லை, மருமகன் அதை எந்த முகத்தோடு சொன்னான் என்று நடித்துக் காட்டினார். எனக்கும் அடக்க முடியவில்லை. குழந்தை விழித்து அழுதது. டூட்டி நர்ஸ் ஓடிவந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேடம், நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? ரெண்டு பேரும் முதல்ல வெளில போங்க" என்று எங்களைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

வராந்தாவில் சுவரில் சாய்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நானும் வசந்தாவும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.